மஞ்சள் விளக்கு எரிகிறதா? பயமும் வேண்டாம், பாராமுகமும் வேண்டாம்!

"என்னங்க, வண்டியில ஏதோ ஒரு மஞ்சள் விளக்கு எரியுதே?"

"அது சும்மா எரியும். சென்ஸார் கோளாறா இருக்கும். நீ பேசாம ஓட்டு."

போன வருஷம் சித்திரையில் எங்கள் வீட்டில் நடந்த சம்பாஷணை இது. உங்கள் வீட்டிலும் நடந்திருக்கலாம், யார் கண்டது! என் வீட்டுக்காரரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் சொன்னதை அப்படியே கேட்டுக்கொண்டு, இரண்டு மாசம் அந்த விளக்கோடேயே மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் போய் வந்தேனே, அது என் தப்புதான்.

ஆனி மாசம் அக்கா மகள் எட்டு மாதக் கைக்குழந்தையோடு சேலத்துக்கு வந்திருந்தாள். "சித்தி, ஒரு நாள் ஏற்காடு போயிட்டு வரலாமே" என்று ஆசையாகக் கேட்டாள். நான்தான் ஓட்டினேன். பக்கத்தில் அவர். பின்னால் குழந்தையும் தாயும். மலைப்பாதையில் நாலைந்து கொண்டை ஊசி வளைவுகள் தாண்டியிருப்போம். வண்டி உதற ஆரம்பித்தது. மிதித்தால் ஏறவில்லை. இரண்டு மாசமாக நின்று எரிந்துகொண்டிருந்த விளக்கு, இப்போது 'பளிச் பளிச்' என்று விட்டு விட்டு எரிந்தது.

"என்னமோ மாதிரி இருக்குங்க. நிறுத்திடட்டுமா?"

"இன்னும் கொஞ்ச தூரந்தானே, நல்லா மிதி. ஏறிடும்."

மிதித்தேன். அடுத்த இரண்டு வளைவுக்குள் அழுகிய முட்டை மாதிரி ஒரு நாற்றம். குழந்தை வீறிட்டு அழுதது. அப்புறம் வண்டி நகர மறுத்துவிட்டது. வெயிலில், வளைவின் ஓரத்தில், பாறை நிழலில் குழந்தையை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றோம். கடைசியில் கட்டி இழுத்துக்கொண்டுதான் கீழே வந்தது வண்டி.

மெக்கானிக் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, முதல்ல போனது ஒரு இக்னிஷன் காயில்தான். விளக்கு எரிஞ்ச அன்னிக்கே வந்திருந்தா, அதை மட்டும் மாத்தி ஒரு மணி நேரத்துல அனுப்பியிருப்பேன். இப்ப புகைக்குழாய்ல இருக்கிற கன்வெர்ட்டரே உருகி அடைச்சுப் போச்சு."

காயில் விலையைப் போலப் பல மடங்கு செலவு. ஆடிக்கு எடுக்க வைத்திருந்த பட்டுப்புடவை அதில் போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்களேன். அந்த ஆற்றாமையில்தான் அந்த மெக்கானிக்கைக் கேட்டும், வண்டியோடு கொடுத்த கையேட்டைப் படித்தும், என் மகனைத் துளைத்தெடுத்தும் தெரிந்துகொண்டதை உங்களுக்கு எழுதுகிறேன்.

எந்த விளக்கு அது?

ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் பலகையில், என்ஜினைப் பக்கவாட்டில் பார்த்து வரைந்தது போல ஒரு சின்னப் படம். மஞ்சள் நிறம். சில வண்டிகளில் 'செக்' என்றும் எழுதியிருக்கும். சாவியைத் திருப்பியதும் இது எரிய வேண்டும்; என்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். விளக்கு உயிரோடு இருக்கிறதா என்பதற்கான சோதனை அது. சாவி போட்டும் எரியவே இல்லை என்றால் அதுவும் கோளாறுதான். பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதை அவசியம் பாருங்கள். உள்ளே உள்ள குறையை மறைக்க விளக்கையே பிடுங்கிவிட்டு விற்கிறவர்களும் உண்டு.

கார் இல்லை, ஸ்கூட்டர்தான் என்கிறீர்களா? 2020 ஏப்ரலில் வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிக்குப் பிறகு தயாரான பெட்ரோல் ஸ்கூட்டர்களிலும் இதே விளக்கு உண்டு.

அடுப்பைப் பார்த்தால் புரியும்

காஸ் அடுப்பு நீலமாக எரிந்தால் நமக்கு நிம்மதி. மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடித்தால், 'பர்னரில் அடைப்பு, காற்று போதவில்லை' என்று தெரிந்துகொள்கிறோம். என்ஜினும் ஓர் அடுப்புதான். ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று குறைந்தால் கரியும் விஷப் புகையும். கூடினால் எரிவதில் தடுமாற்றம்.

நம் அடுப்பை நாம் கண்ணால் பார்க்கிறோம். என்ஜினுக்குள் யார் பார்ப்பது? அதற்கென்று வண்டிக்குள் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்கிறது. எவ்வளவு காற்று வருகிறது, என்ஜின் எவ்வளவு சூடு, எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்பதையெல்லாம் சென்ஸார்கள் அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அவற்றில் முக்கியமானது, புகைக்குழாயில் உட்கார்ந்திருக்கும் ஆக்ஸிஜன் சென்ஸார். எரிந்து வெளியே போகும் புகையில் ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கிறதா என்று முகர்ந்து பார்ப்பது அதன் வேலை. பெட்ரோல் கூடிவிட்டால் ஏறக்குறைய 0.9 வோல்ட், காற்று கூடிவிட்டால் 0.1 வோல்ட் என்று மின்சாரத்தால் சேதி சொல்லும். கம்ப்யூட்டர் உடனே பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். நாம் குழம்பை ருசி பார்த்து உப்புப் போடுவதில்லையா, அந்த மாதிரி.

எங்கள் வண்டி உதறியதே, அதையும் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துத்தான் விளக்கை மின்ன வைத்தது. எப்படி? அந்தக் காலத்தில் நாலு பெண்கள் மாறி மாறி உலக்கை போடுவார்கள். ஒருத்தி ஒரு குத்துத் தவறினால், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரிந்துவிடும். என்ஜினில் மூன்று நாலு ஸிலிண்டர்கள் மாறி மாறிப் பெட்ரோலை எரிக்கின்றன. ஒன்றில் எரியாமல் போனால், சுழற்சி அந்த நொடியில் கொஞ்சம் தளரும். அந்தச் சின்னத் தளர்ச்சியை ஒரு சென்ஸார் பிடித்துவிடும். மெக்கானிக்குகள் இதை 'மிஸ்ஸிங்' என்பார்கள்.

உருகிப் போன இடியாப்ப அச்சு

எரியாத அந்தப் பெட்ரோல் எங்கே போகும்? நேரே புகைக்குழாய்க்குத்தான். அங்கேதான் இருக்கிறது கன்வெர்ட்டர். உள்ளே இடியாப்ப அச்சு மாதிரி ஆயிரக்கணக்கான நுண்ணிய கண்கள் கொண்ட பீங்கான் கட்டி. அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்று தங்கத்தோடு போட்டிபோடும் உலோகங்களின் மெல்லிய பூச்சு. விலை ஏன் அவ்வளவு என்று இப்போது புரிகிறதல்லவா? விஷமான கார்பன் மோனாக்ஸைடு இதன் வழியே போகும்போது கார்பன் டையாக்ஸைடாகிறது. எரியாத பெட்ரோல் ஆவி எரிந்து தீர்கிறது. நைட்ரஜன் ஆக்ஸைடுகள் சாதாரண நைட்ரஜனாகின்றன.

எரியாத பெட்ரோல் மொத்தமாக இங்கே வந்து விழுந்தால், கன்வெர்ட்டருக்குள்ளேயே பற்றிக்கொண்டு சூடு தாறுமாறாக ஏறும். பீங்கான் உருகிக் கண்கள் அடைபடும். புகை வெளியேற வழியில்லாமல் என்ஜின் திணறி நிற்கும். ஏற்காடு மலையில் எங்களுக்கு நடந்தது இதுதான். 'நல்லா மிதி' என்று மிதித்தேனே, ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அதை உருக்கிக்கொண்டிருந்தேன்.

கன்வெர்ட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க, அதன் பின்னாலும் ஓர் ஆக்ஸிஜன் சென்ஸார் உண்டு. முன்னால் இருப்பது ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பின்னால் இருப்பது ஏறக்குறைய நிதானமாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி ஆட ஆரம்பித்தால், நடுவில் இருப்பது வேலை செய்யவில்லை என்று பொருள். உடனே மஞ்சள் விளக்கு.

இந்த விளக்கு பிறந்த கதை

இது என்ஜினைக் காப்பாற்ற வந்த விளக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை. இது நம் மூச்சைக் காப்பாற்ற வந்தது.

1943 ஜூலையில் ஒரு நாள், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தைப் புகைமூட்டம் சூழ்ந்தது. கண் எரிச்சல், தொண்டைக் கமறல். யுத்த சமயமாதலால் ஜப்பான்காரன் விஷவாயு போட்டுவிட்டானோ என்றுகூடச் சிலர் பயந்தார்கள். அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற விஞ்ஞானிதான் 1950-களின் தொடக்கத்தில் உண்மையைக் கண்டுபிடித்தார். கார்களிலிருந்தும் எண்ணெய் ஆலைகளிலிருந்தும் வரும் ஆவிகள், நைட்ரஜன் ஆக்ஸைடுகளோடு வெயிலில் சேர்ந்து ஓஸோனாக மாறி நுரையீரலைத் தாக்குகின்றன என்று விளக்கினார்.

பிறகு கன்வெர்ட்டர்கள் வந்தன. ஆனால், அவை கெட்டுப்போனால் ஓட்டுகிறவருக்கு எப்படித் தெரியும்? வண்டி ஓடிக்கொண்டேதானே இருக்கும்! அதனால் வண்டி தன்னைத்தானே சோதித்து விளக்குப் போட வேண்டும் என்று அதே கலிபோர்னியா மாகாணம், 1988-ஆம் வருஷ மாடல் கார்களிலிருந்து விதி செய்தது. 1996 முதல் அமெரிக்கா முழுவதும் விரிவான முறை கட்டாயமாயிற்று. நம் நாட்டில் 1995 ஏப்ரலில் சென்னை உள்பட நாலு பெருநகரங்களில் புதிய கார்களுக்குக் கன்வெர்ட்டர் வந்தது. 2010-க்குப் பிறகு பாரத் ஸ்டேஜ் 4 வண்டிகளில் இந்தச் சுயபரிசோதனை படிப்படியாகக் கட்டாயமாகி, பாரத் ஸ்டேஜ் 6-இல் இன்னும் கடுமையானது.

தாய்மார்களுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பீர்கள். குழந்தைகள் தங்கள் எடைக்கு நம்மைவிட அதிகக் காற்றை இழுத்து மூச்சு விடுகிறார்கள். தெருவில் நடக்கும்போது அவர்கள் மூக்கு புகைக்குழாயின் உயரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். வயிற்றில் உள்ள சிசுவையும் பாதிக்கும். நல்ல வண்டியானாலும், என்ஜின் சூடேறும்வரை கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யாது. ஆகவே கதவு மூடிய கார் ஷெட்டுக்குள் ஒரு நிமிஷம்கூட என்ஜினை ஓடவிடாதீர்கள்.

விளக்கைப் பார்த்ததும் என்ன செய்ய வேண்டும்?

மஞ்சள், நின்று எரிகிறது: பதற வேண்டாம். வண்டி வழக்கம்போல ஓடுகிறதா என்று கவனியுங்கள். ஓடினால் பள்ளிக்கூடத்தில் பிள்ளையை விட்டுவிட்டே வரலாம். ஆனால் அந்த வாரத்துக்குள் மெக்கானிக்கிடம் காட்டிவிட வேண்டும். மலைப்பயணமும் நெடும்பயணமும் அதற்கப்புறம்தான்.

மஞ்சள், விட்டு விட்டு எரிகிறது: ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைத் தளர்த்துங்கள். வேகமும் ஏற்றமும் கூடாது. அப்படியும் மின்னினால், பத்திரமான இடத்தில் ஓரம் கட்டி என்ஜினை அணைத்துவிடுங்கள். குழந்தைகளைப் போக்குவரத்து இல்லாத பக்கமாக இறக்குங்கள். 'இன்னும் கொஞ்ச தூரந்தானே' என்ற பேச்சே வேண்டாம்.

சிவப்பு விளக்குகள்: இவை வேறு ஜாதி. மூக்கு வைத்த எண்ணெய்ச் சொம்பு மாதிரிப் படம் எரிந்தால் ஆயில் அழுத்தம் இல்லை. தண்ணீரில் நிற்கும் தெர்மாமீட்டர் மாதிரிப் படம் எரிந்தால் என்ஜின் கொதிக்கிறது. இரண்டுக்கும் உடனே நிறுத்த வேண்டும். கொதிக்கும் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். விசில் அடங்காத குக்கரைத் திறப்போமா?

காய்ச்சலும் கோடும்

குழந்தைக்கு உடம்பு சுடுகிறது. தெர்மாமீட்டர் 102 காட்டுகிறது. அது காய்ச்சல் என்றுதான் சொல்லும். டான்ஸிலா, டைபாய்டா என்று சொல்லாது. வண்டியும் அப்படித்தான். விளக்கு எரியும்போது கம்ப்யூட்டர் தன் நினைவில் ஒரு குறிப்பு எழுதி வைக்கும். மெக்கானிக்குகள் இதைக் 'கோடு' என்பார்கள். 'பி' என்ற எழுத்தும் பின்னால் எண்களுமாக இருக்கும். பி0301 என்றால் முதல் ஸிலிண்டரில் மிஸ்ஸிங். பி0420 என்றால் கன்வெர்ட்டரின் திறன் குறைவு. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஒரு பிளக்கில் கருவியைச் செருகினால் படித்துவிடலாம். செல்போனோடு இணைக்கும் சின்னக் கருவிகளும் இப்போது கிடைக்கின்றன.

ஆனால் மிஸ்ஸிங் என்றால் காயிலா, ஸ்பார்க் பிளக்கா, ஒயரா? சோதித்துத்தான் சொல்ல முடியும். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் காரில் விளக்கு எரிய, ஒர்க் ஷாப்பில் சோதிக்காமல் சென்ஸாரை மாற்றினார்கள். பத்தே நாளில் விளக்கு மறுபடி வந்துவிட்டது. கடைசியில் பார்த்தால், ஒயரை எலி கடித்திருக்கிறது! ஒர்க் ஷாப்புக்குப் போனால் கூச்சப்படாமல் மூன்று கேள்வி கேளுங்கள்:

"என்ன கோடு வந்திருக்கு? பில்லுலயே எழுதிக் குடுங்க."

"எதைச் சோதிச்சுப் பார்த்து இந்தப் பாகத்தை மாத்தச் சொல்றீங்க?"

"கழட்டின பழைய பாகத்தைக் காட்டுறீங்களா?"

நல்ல தொழில்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார். எங்கள் மெக்கானிக் சிரித்துக்கொண்டே, "இப்படிக் கேட்டா எங்களுக்கும் நல்லதுதான் அக்கா" என்றார்.

சில சந்தேகங்கள்

பாட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினால் விளக்கு அணைந்துவிடுகிறதாமே?

அணையலாம். கூடவே கம்ப்யூட்டர் எழுதிவைத்த குறிப்பும் அழியும். காய்ச்சல்காரக் குழந்தையின் தெர்மாமீட்டரை உதறி வைத்துவிட்டு, 'காய்ச்சல் போச்சு' என்பது போலத்தான். கோளாறு அப்படியேதான் இருக்கும்.

தானாக அணைந்துவிட்டால் கவலையில்லையா?

பெரும்பாலான கோளாறுகளை இரண்டு மூன்று ஓட்டங்களில் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் கம்ப்யூட்டர் விளக்குப் போடும். அதேபோல மூன்று ஓட்டங்களில் தொடர்ந்து எல்லாம் சரியாக இருந்தால் அணைத்துவிடும். ஆனால் குறிப்பு இன்னும் கொஞ்ச காலம் நினைவில் இருக்கும். அடுத்த சர்வீஸில் படிக்கச் சொல்லுங்கள்.

வீட்டிலேயே எதைக் கவனிக்கலாம்?

எலி நடமாட்டம் இருக்கிறதா என்று பானெட்டைத் திறந்து வாரம் ஒரு முறை பாருங்கள். என்ஜின் மேல் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவ விடாதீர்கள். ஒயர் இணைப்புகளில் ஈரம் இறங்கினாலும் விளக்கு எரியும். ஏர் ஃபில்டரையும் ஸ்பார்க் பிளக்கையும் கையேட்டில் சொன்ன கணக்குப்படி மாற்றுங்கள்.

இப்போது எங்கள் வீட்டுக் காலண்டரில் பால் கணக்குக்கும் காஸ் வந்த தேதிக்கும் பக்கத்தில் வண்டிக்கும் ஓர் இடம் ஒதுக்கிவிட்டேன். விளக்கு எரிந்தால் என்றைக்கு, எத்தனையாவது கிலோமீட்டரில், நின்று எரிந்ததா மின்னியதா, மழையா வெயிலா, உதறல் உண்டா என்று ஒரு வரி எழுதுவேன். டாக்டரிடம் போகும்போது 'நேத்து ராத்திரியிலிருந்து சுடுது, ரெண்டு தடவை வாந்தி' என்று சொல்கிறோமே, அதுபோல மெக்கானிக்குக்கும் அந்த ஒரு வரி பாதி வேலையை மிச்சப்படுத்துகிறதாம்.

போன மாசம் மறுபடியும் விளக்கு எரிந்தது. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "சும்மா எரியுது" என்று இந்தத் தடவை அவர் சொல்லவில்லை. "காலண்டர்ல எழுதிட்டியா?" என்றுதான் கேட்டார்.